ஐந்து மில்லிமீட்டரில் ஒரு கேரியர்

காஞ்சிபுரத்தில் பி.எஸ்சி. கணிதமோ புள்ளியியலோ முடித்தவருக்குத் தெருவே கூடி மூன்று யோசனை சொல்லும். ஒரகடம் கம்பெனி பஸ்ஸில் ஏறு. பேங்க் எக்ஸாம் எழுது. பி.எட். முடித்து வை. மூன்றிலும் தப்பில்லை. ஆனால் மூன்றிலும் உங்களைப் போலவே மார்க் வாங்கிய ஆயிரக்கணக்கானோர் உங்களுக்கு முன்னால் நிற்கிறார்கள். கூட்டத்தில் முண்டியடிப்பதைவிடக் கூட்டம் வராத இடத்தைப் பிடிப்பது லாபம். அப்படி ஓர் இடம் இருக்கிறது: குழந்தைகளின் மண்டை வடிவக் குறைபாடுகளைப் புள்ளியியல் முறையில் அளக்கும் வேலை.

சிரிக்க வேண்டாம், டிமாண்ட் இருக்கிறது. பிறந்த குழந்தையின் மண்டையோடு ஒரே எலும்பல்ல, பல தகடுகள். தகடுகள் சேரும் கோடுகளை டாக்டர்கள் ‘சூச்சர்’ என்பார்கள். அவற்றில் ஒன்று காலத்துக்கு முன்பே மூடிக்கொண்டால் அது கிரேனியோசினோஸ்டோசிஸ். சுமார் 2,000 முதல் 2,500 பிறப்புகளுக்கு ஒன்று. மூடிய சூச்சருக்குச் செங்குத்தான திசையில் எலும்பு வளராது. ஈடுகட்ட இன்னொரு திசையில் தலை தள்ளும். ஜெர்மன் டாக்டர் ருடால்ஃப் விர்ஷோ 1851-லேயே எழுதி வைத்த விதி இது. உச்சியில் முன்பின்னாக ஓடும் சஜிட்டல் சூச்சர் மூடினால் தலை ஒடுங்கி, படகுபோல் நீளும்.

இன்னொரு வகையில் எலும்பில் கோளாறே இருக்காது. ஒரே பக்கமாகப் படுத்துப் படுத்துப் பின்மண்டை ஒரு பக்கம் தட்டையாகிவிடும். பொசிஷனல் பிளேஜியோசெஃபாலி என்று பெயர். குழந்தைகளை மல்லாக்கவோ பக்கவாட்டிலோ படுக்க வையுங்கள் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 1992-ல் சொன்னது. தொட்டில் மரணங்கள் குறைந்தன, தட்டைத் தலைகள் கூடின. முதல் வகைக்கு ஆபரேஷன் வேண்டியிருக்கலாம். இரண்டாவது பெரும்பாலும் படுக்க வைக்கும் விதத்தை மாற்றினாலே தேறிவிடும். இரண்டையும் பிரித்துச் சொல்வது டாக்டர் வேலை. எவ்வளவு கோணல், எவ்வளவு சரியாயிற்று, இந்த எண்ணை எவ்வளவு நம்பலாம் என்று சொல்வது உங்கள் வேலை. இதில் மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. அங்கேதான் உங்களுக்குச் சம்பளம் இருக்கிறது.

1. முதலில் டேப்

லேப்டாப்பைத் திறப்பதற்கு முன் ஒரு குழந்தையின் தலையை அளந்து பாருங்கள். சொந்தக்காரர் வீட்டுக் குழந்தை போதும், பெற்றோர் சம்மதத்தோடு. தையற்கடைத் துணி டேப் வேண்டாம். நாளாக நாளாக இழுபட்டுப் போகும். நீளாத டேப் வாங்குங்கள். முன்னால் புருவத்துக்குச் சற்று மேலே, பின்னால் பின்மண்டை மிகவும் துருத்தும் இடத்தில், இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் சுற்றுங்கள். முடி அமுங்குமளவு இறுக்குங்கள். மில்லிமீட்டர் வரை படியுங்கள். டேப்பை முழுக்கக் கழற்றிவிட்டு மறுபடி அளங்கள். மூன்று முறை, மூன்று எண், மூன்றையும் எழுதுங்கள். சராசரியை மட்டும் எழுதி மற்றதை அழிப்பவரை நல்ல லேபில் ஒரு வாரம்கூட வைத்திருக்க மாட்டார்கள்.

நம் ஊரில் இதற்குத் தனிச் சிக்கல்கள் உண்டு. எண்ணெய் வைத்த தலையில் டேப் வழுக்கும். உச்சிக் குடுமி, ரப்பர் பேண்ட், கிளிப் எல்லாம் கழற்ற வேண்டும். நெற்றியில் ஒரு ரூபாய் அகலத்துக்குத் திருஷ்டிப் பொட்டு இருந்தால், புருவ நடுப்புள்ளியை போட்டோவில் குறிக்கும்போது கை தானாகப் பொட்டின் மையத்துக்கே போகும். “குழந்தையை அளக்கக் கூடாதுப்பா, கண்ணு படும்” என்று பாட்டி மறிப்பார். வாதாடாதீர்கள். “டாக்டரம்மா குறிச்சிட்டு வரச் சொன்னாங்க பாட்டி, நீங்களே இந்த முனையைப் பிடிச்சுக்கங்க” என்று டேப்பை அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். எதிர்த்தவரை டீமில் சேர்ப்பது ஆபீஸிலும் பலிக்கும் டெக்னிக்தான்.

ஒரு போனஸும் நமக்கு இருக்கிறது. 3டி கேமராவில் தலையை ஸ்கேன் செய்பவர்களுக்கு உலகம் முழுக்கப் பெரிய தலைவலி முடி. அதை அமுக்க இறுக்கமான வலைத்தொப்பி மாட்டுவார்கள். இங்கே முதல் மொட்டை முடிந்து வரும் குழந்தைக்கு அந்தத் தொந்தரவே கிடையாது. ஸ்கேன் அப்பாயின்ட்மென்ட்டை மொட்டைக்கு அடுத்த வாரத்தில் போட்டால் டேட்டா சுத்தமாக வரும் என்று ஒரு புராஜெக்ட் மீட்டிங்கில் சொல்லிப் பாருங்கள். பெங்களூரிலிருந்து வந்த எம்.டெக். ஆசாமிக்கு அது தோன்றியிருக்காது.

கூடவே கேட்டு எழுத வேண்டியவை: எந்தப் பக்கம் திரும்பிப் படுக்கும், தூளியில் எவ்வளவு நேரம், கடுகுத் தலையணை வைத்தார்களா, குளிப்பாட்டும்போது தலையை உருட்டிவிடும் வழக்கம் உண்டா. இவற்றால் வடிவம் மாறுகிறது என்றோ மாறவில்லை என்றோ நீங்கள் முடிவு கட்ட வேண்டாம். ஃபார்மில் ஒரு கட்டம் இருக்கட்டும். கேட்காமல் விட்ட கேள்வியை எந்த சாஃப்ட்வேரும் திருப்பித் தராது.

2. உங்கள் பிழை எத்தனை மில்லிமீட்டர்?

இந்தப் பகுதியை மட்டும் படித்துவிட்டு மற்றதைத் தள்ளினாலும் எனக்கு வருத்தமில்லை.

ஐந்து குழந்தைகள். நீங்களும் உங்கள் நண்பரும் தனித்தனியாக அளக்கிறீர்கள். இருவர் அளவுக்கும் உள்ள வித்தியாசம் மில்லிமீட்டரில் 2, 1, 3, 0, 2. ஒவ்வொன்றையும் வர்க்கப்படுத்திக் கூட்டினால் 18. குழந்தைகள் எண்ணிக்கையின் இரு மடங்கான 10-ஆல் வகுத்தால் 1.8. வர்க்கமூலம் 1.34 மி.மீ. இதுதான் டெக்னிக்கல் எரர் ஆஃப் மெஷர்மென்ட், சுருக்கமாக டி.ஈ.எம். நிஜ வேலையில் ஐந்து பேர் போதாது, இருபது முப்பது பேராவது வேண்டும், கணக்கு இதேதான்.

இப்போது அதைத் தலையின் கோணலில் வைத்துப் பாருங்கள். வலது முன்நெற்றியிலிருந்து இடது பின்மண்டைக்கு ஒரு குறுக்கு அளவு. இடது முன்நெற்றியிலிருந்து வலது பின்மண்டைக்கு இன்னொன்று. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நீளமானதால் வகுத்து நூறால் பெருக்கினால் சி.வி.ஏ.ஐ. என்ற இண்டெக்ஸ். அட்லாண்டா குழந்தைகள் மருத்துவமனை வகுத்த அளவுகோலில் 3.5-க்குக் கீழே முதல் நிலை, நார்மல். 3.5-லிருந்து 6.25 வரை இரண்டாம் நிலை. ஒரு குழந்தைக்கு 140 மி.மீ., 135 மி.மீ. என்று வருகிறது. வித்தியாசம் 5, இண்டெக்ஸ் 3.57. ரிப்போர்ட்டில் ‘அப்நார்மல்’ என்று சிவப்பில் அடிக்கலாமா?

ஒரு அளவின் பிழை 1.34 என்றால், இரண்டு அளவுகளின் வித்தியாசத்தில் பிழை அதன் ரூட் 2 மடங்கு, அதாவது 1.9. 95 சதவீத வரம்பு வேண்டுமென்றால் அதை 1.96-ஆல் பெருக்குங்கள்: 3.7 மி.மீ. ஆக, உண்மையான வித்தியாசம் 1.3-லிருந்து 8.7 மி.மீ. வரை எங்கேயும் இருக்கலாம். இண்டெக்ஸ் 0.9-லிருந்து 6.2 வரை. நார்மலின் நல்ல பக்கத்திலிருந்து மூன்றாம் நிலையின் வாசல் வரைக்கும் ஒரே குழந்தை! இதை வைத்து ஒரு தாயை அழ வைக்கலாமா, தலையைச் சரிசெய்யும் ஹெல்மெட் விற்கலாமா, சென்னைக்கு அலைய விடலாமா? டாக்டரிடம் இந்த ஒரு பக்கக் கணக்கைக் கொண்டுபோய் வைத்தால் அடுத்த புராஜெக்ட்டுக்கும் உங்களையே கூப்பிடுவார்.

இரண்டு எச்சரிக்கை. உங்கள் நண்பர் எப்போதுமே 2 மி.மீ. கூடுதலாக அளப்பவராக இருந்தால் டி.ஈ.எம். அதைத் தனியாகக் காட்டாது. வித்தியாசத்தைச் சராசரிக்கு எதிரே புள்ளி வைத்துப் பாருங்கள். பிளாண்டும் ஆல்ட்மனும் 1986-ல் லான்செட்டில் பிரபலப்படுத்திய படம் அது. இரண்டாவது, சி.வி.ஏ.ஐ.க்குச் சில பேப்பர்கள் நீளமான அளவால் வகுக்கும், சில குட்டையானதால் வகுக்கும். ஃபார்முலாவை எழுதிக் காட்டாத ஒப்பீட்டைக் கையால் தொடாதீர்கள்.

3. ஒற்றை எண்ணோடு நிற்காதீர்கள்

தலைச் சுற்றளவுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் சார்ட் இருக்கிறது. பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா என ஆறு நாட்டுக் குழந்தைகளை 1997 முதல் 2003 வரை அளந்து செய்தது. இந்தியப் பங்கு தென் டெல்லியிலிருந்து. ஒரு வயது ஆண் குழந்தைக்கு மீடியன் 46.1 செ.மீ., ஒரு எஸ்.டி. சுமார் 1.3. தலை 42.8 என்றால் இஸட் ஸ்கோர் மைனஸ் 2.5. இதை மனக்கணக்காகவே போடப் பழகுங்கள்.

ஆனால் சுற்றளவுக்கு வடிவம் தெரியாது. ஒடுங்கி நீண்ட தலையும் பரந்த தலையும் ஒரே 46 காட்டும். அகலத்தை நீளத்தால் வகுத்து நூறால் பெருக்கும் செஃபாலிக் இண்டெக்ஸ், ஸ்வீடனின் ஆண்டர்ஸ் ரெட்சியஸ் 1840-களில் கொண்டுவந்தது. 75-க்குக் கீழே நீள்தலை, 80-க்கு மேலே அகலத்தலை என்ற பழைய வாய்ப்பாட்டை, மல்லாக்கப் படுத்தே வளரும் ஆறு மாதக் குழந்தைக்கு அப்படியே போட்டால் வீதியில் பாதிப் பேரை நோயாளியாக்கிவிடுவீர்கள். எந்த வயது, எந்த ஊர், எந்தக் காலத்து நார்ம் என்று கேட்டுவிட்டு வாயைத் திறங்கள்.

4. லேண்ட்மார்க்கும் மகாலனோபிஸும்

இங்கேதான் உங்கள் டிகிரி பேச வேண்டும். சி.டி. அல்லது 3டி போட்டோவில் தலையின் மேல் பெயருள்ள புள்ளிகளைக் குறிக்கிறோம்: புருவ நடு, மூக்கு வேர், காது முனை, பின்மண்டையின் கடைக்கோடி. நெசவு வீட்டுப் பிள்ளைகளுக்குச் சட்டெனப் பிடிபடும். கிராஃப் தாளில் போட்ட புட்டா டிசைனில் ஒவ்வொரு கட்டமும் ஒரு குறிப்பிட்ட இழைக்கு என்று கணக்கு. கட்டம் ஒன்று தள்ளினால் மயிலுக்குக் கழுத்து கோணும். அதுபோல எல்லாக் குழந்தைகளிலும் ஏழாம் புள்ளி ஏழாம் புள்ளியாகவே இருந்தாக வேண்டும்.

பிறகு எல்லாத் தலைகளையும் ஒரே இடத்துக்கு நகர்த்தி, ஒரே அளவாக்கி, ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு திருப்பும் முறைக்குப் புரோக்ரஸ்டீஸ் என்று பெயர். மிஞ்சுவது வடிவம் மட்டும். அதில் பி.சி.ஏ. போட்டு, தலைகள் எந்தெந்தத் திசைகளில் வேறுபடுகின்றன என்று பார்க்கிறோம். ஃப்ரெஷர்கள் வழுக்கும் இடங்கள் மூன்று. அளவைத் தூக்கியெறிந்துவிட்டு மைக்ரோசெஃபாலியைத் தேடுவது. தலை சிறிதாக இருப்பதுதானே அங்கே நோயே! முதல் காம்பொனென்ட்டைப் பார்த்ததும் ‘இதுதான் வியாதி’ என்று நினைப்பது. அது வெறும் வயதாகவும் இருக்கலாம். முப்பது புள்ளிகள், தலா மூன்று ஆயத்தொலைவுகள், ஆக 90 மாறிகளை வைத்துக்கொண்டு 25 குழந்தைகளைத் துல்லியமாகப் பிரித்துவிட்டேன் என்று மார்தட்டுவது.

இனி ஒரு குழந்தை நார்மலிலிருந்து எவ்வளவு தூரம்? நீளமும் அகலமும் சேர்ந்தே வளர்பவை. இரண்டுக்கும் கோரிலேஷன் 0.6 என்று வைத்துக்கொள்வோம். ஒரு குழந்தை நீளத்திலும் அகலத்திலும் பிளஸ் 1 எஸ்.டி. இன்னொன்று நீளத்தில் பிளஸ் 1, அகலத்தில் மைனஸ் 1. தனித்தனியாகப் பார்த்தால் இருவரும் ஒரே அளவுதான் விலகியிருக்கிறார்கள். மகாலனோபிஸ் தூரத்தின் வர்க்கத்தைப் போட்டுப் பாருங்கள்: முதல் குழந்தைக்கு 1.25, இரண்டாவதுக்கு 5. நான்கு மடங்கு. முதல் குழந்தைக்கு வெறும் பெரிய தலை. இரண்டாவதின் தலை ஒடுங்குகிறது. சூச்சரைப் பார்க்கச் சொல்லி டாக்டருக்குக் கை காட்ட வேண்டியது அதைத்தான். இந்த உதாரணத்தைப் பேப்பர் பார்க்காமல் இரண்டு நிமிடத்தில் போர்டில் போடத் தெரிந்தால் ரெஸ்யூமேயில் பாதி பக்கத்தை வெட்டிவிடலாம்.

5. போர்ட்ஃபோலியோவுக்கு கொரில்லா

‘டேட்டா கிடைக்கவில்லை சார்’ என்று சொல்பவரை நான் நம்புவதில்லை. ஆர் மென்பொருள் இலவசம். அதில் ‘ஷேப்ஸ்’ என்ற பேக்கேஜில் கொரில்லா, சிம்பன்சி மண்டையோடுகளின் புள்ளிகள் தயாராக இருக்கின்றன. ‘ஜியோமார்ஃப்’ பேக்கேஜில் சாலமாண்டர் தலைகள். கொரில்லாவிடம் சம்மதக் கையெழுத்து வாங்க வேண்டியதில்லை. ஆண், பெண் கொரில்லா மண்டைகளைப் பிரித்துக் காட்டுங்கள். பிறகு, பெரும்பாலோர் செய்யாத ஒன்றைச் செய்யுங்கள்: புள்ளிகளில் வேண்டுமென்றே ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர், மூன்று மில்லிமீட்டர் பிழை கலந்து, எந்த இடத்தில் உங்கள் முடிவு உடைகிறது என்று ஒரு படம் வரையுங்கள். அந்த ஒரு படம் பத்து ஆன்லைன் சர்ட்டிஃபிகேட்டுக்குச் சமம். சி.டி. படங்களில் புள்ளி குறிக்க 3டி ஸ்லைசர், அதுவும் இலவசமே. படிக்க ஒரு புத்தகம் போதும்: டிரைடனும் மார்டியாவும் எழுதிய வடிவப் புள்ளியியல் நூல், முதல் பதிப்பு 1998. இவர்களில் மார்டியா ராஜஸ்தானில் பிறந்து இங்கிலாந்தின் லீட்ஸில் பேராசிரியரானவர்.

6. இன்டர்வியூவில் வரப்போகும் கேள்வி

“எங்கள் ஆப் நோயுள்ள குழந்தைகளில் 90 சதவீதத்தைக் கண்டுபிடிக்கும், நோயில்லாதவர்களில் 95 சதவீதத்தைச் சரியாக விட்டுவிடும். எல்லா அங்கன்வாடியிலும் போடலாமா?”

அவசரப்பட்டு ‘சூப்பர் சார்’ என்றால் முடிந்தது. ஒரு லட்சம் குழந்தைகள். 2,500-க்கு ஒன்று என்றால் நோயுள்ளவர்கள் 40. ஆப் பிடிப்பது 36. மீதி 99,960 பேரில் 5 சதவீதம், 4,998 பேருக்குப் பொய் அலாரம். மொத்த அலாரம் 5,034. அதில் நிஜம் 36. ஆயிரம் அலாரத்துக்கு ஏழு. ஐயாயிரம் குடும்பங்கள் தறியையும் கூலியையும் விட்டுவிட்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார வேண்டும். “எல்லோருக்கும் வேண்டாம் சார், டாக்டர் சந்தேகப்பட்டு அனுப்பும் குழந்தைகளுக்கு மட்டும் போட்டால் கணக்கு மாறும்” என்று முடியுங்கள். குரலை உயர்த்தாமல் சொல்லுங்கள். முகத்தில் வெற்றிக் களை வேண்டாம். எதிரே இருப்பவரே அந்த ஆப்பைச் செய்தவராக இருக்கலாம்.

7. தெரிந்து வைக்க வேண்டிய பெயர்கள்

இந்தத் துறை இந்தியர்களின் சொந்த வீடு. பேனலுக்கு முன் கூச்சப்பட அவசியமில்லை. கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த பி.சி. மகாலனோபிஸ், 1920 நாக்பூர் சயின்ஸ் காங்கிரஸில் விலங்கியலாளர் நெல்சன் அனன்டேலைச் சந்தித்தார். ஆங்கிலோ இந்தியர்களின் உடல் அளவுகளை அலசித் தரச் சொன்னார் அனன்டேல். 1922-ல் கட்டுரை வந்தது. அந்த வரிசையில் தொடங்கிய சிந்தனைதான் 1936-ல் மகாலனோபிஸ் தூரமாக வடிவெடுத்தது. நடுவில் 1928-ல் பயோமெட்ரிகாவில் அவர் எழுதியது, உயிருள்ளவர்களை அளக்கும் முறைகளை ஒரே தரத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்று. இரண்டாம் பகுதியில் நான் போட்ட கூச்சல் அதேதான்.

சி.ஆர். ராவ் கதை வேலை தேடுபவர்களுக்கு இன்னும் ருசி. ராணுவ சர்வே பிரிவில் கணித வேலைக்கு இன்டர்வியூவுக்காகக் கல்கத்தா போனார், கிடைக்கவில்லை. அங்கே தங்கியிருந்தபோது இந்தியப் புள்ளியியல் கழகத்தில் பயிற்சியில் இருந்த ஒருவரைச் சந்தித்தார். 1941-ல் அங்கேயே சேர்ந்தார். 1946-ல் கேம்பிரிட்ஜுக்கு அனுப்பப்பட்டது எதற்குத் தெரியுமா? சூடானின் ஜெபல் மோயாவில் தோண்டியெடுத்த பழைய எலும்புக்கூடுகளின் அளவுகளை அலசித் தருவதற்கு. மண்டை அளக்கப் போனவர் 1948-ல் ஆர்.ஏ. ஃபிஷரிடம் டாக்டர் பட்டத்தோடு வெளியே வந்தார். 2023-ல், 102-வது வயதில், புள்ளியியலின் சர்வதேசப் பரிசு. தவறிப்போன வேலைக்காகச் செய்த பயணத்தைக்கூட அவர் வீணாக்கவில்லை.

நம் பக்கத்து இருட்டும் தெரிந்திருக்க வேண்டும். 1885 முதல் 1908 வரை சென்னை அருங்காட்சியகத்தை நடத்திய எட்கர் தர்ஸ்டன், கேலிப்பரோடு தென்னிந்தியா முழுக்கச் சுற்றிச் சாதிவாரியாகத் தலையையும் மூக்கையும் அளந்தார். 1909-ல் ஏழு தொகுதிகளாகப் புத்தகம் வந்தது. தலை அளவை வைத்து மனிதர்களை மேல் கீழ் என்று அடுக்கிய காலம் அது. அதனால் உங்கள் ஃபார்மில் சாதிக்கு ஒரு கட்டம் வேண்டுமா என்று யாராவது கேட்டால் ஒரே பதில்: எந்தக் கேள்விக்கு அது பதில் சொல்லும்? பதில் இல்லையென்றால் கட்டமும் இல்லை. பிள்ளையார்பாளையத்தில் ஒரு வீட்டு வாசலில் நின்று இதைக் கேட்டுவிட்டால் அடுத்த வீட்டுக் கதவு திறக்காது. டேட்டாவும் போச்சு, பேரும் போச்சு.

8. சம்மதம், செல்போன், வாட்ஸ்ஆப்

சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் விவாதத்துக்கே இடமில்லை. குழந்தையின் 3டி தலை என்றால் அதில் முகமும் இருக்கிறது. பெயரை அழித்தாலும் ஆள் தெரியும். 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயதுக்குக் கீழே எல்லோரும் குழந்தைகள். பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதம் வேண்டும். எதிக்ஸ் கமிட்டி அனுமதிக்கு முன் ஒரு ஸ்கேன்கூட எடுக்காதீர்கள். சீனியர் ‘வாட்ஸ்ஆப்பில் போட்டு விடுப்பா’ என்றால், “ஆஸ்பத்திரி சர்வரில் ஏற்றிட்டு லிங்க் தர்றேன் சார்” என்று சொல்லுங்கள். மறுத்த மாதிரியும் இருக்காது, வேலையும் நடக்கும்.

9. ஹெல்மெட் விற்பவர் கிளையன்ட்டாக வந்தால்

வருவார். தட்டைத் தலையைச் சரிசெய்யும் ஹெல்மெட் பெரிய பிசினஸ். நெதர்லாந்தில் 84 குழந்தைகளை வைத்து ஒரு ரேண்டமைஸ்டு ட்ரையல் நடந்தது, 2014-ல் பி.எம்.ஜே.யில் வந்தது. ஐந்தாறு மாத வயதில் ஒரு பாதிக்கு ஹெல்மெட், மறுபாதிக்கு ஒன்றுமில்லை. இரண்டு வயதில் முழுசாகச் சரியானவர்கள் ஹெல்மெட் பக்கம் 26 சதவீதம், சும்மா விட்ட பக்கம் 23. பெரிய வித்தியாசமில்லை. அதில் மிகக் கடுமையான கேஸ்கள் சேர்க்கப்படவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை.

கிளையன்ட் காட்டும் ‘முன், பின்’ படங்களில் எல்லாக் குழந்தையும் தேறியிருக்கும். தேறத்தான் செய்யும், வளர்கிற தலை தானாகவும் உருண்டையாகிறது, மிக மோசமான நாளில் அளந்த எண் அடுத்த முறை சராசரிப் பக்கம் சரியும். ‘கன்ட்ரோல் குரூப் எங்கே சார்?’ என்று கேளுங்கள். அவருக்குப் பிடிக்காமல் போகலாம். ஆனால் ஒரு கம்பெனிக்குத் தலையாட்டிய ஸ்டாடிஸ்டீஷியனை மூன்று ஆஸ்பத்திரிகள் கூப்பிடாது. இந்த வட்டம் ரொம்பச் சின்னது. எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். உங்கள் பேர்தான் உங்கள் ரேட்.

10. எங்கே தட்டுவது, எப்படித் தட்டுவது

மேற்படிப்பு என்றால் வேலூர் சி.எம்.சி.யில் எம்.எஸ்சி. பயோஸ்டாடிஸ்டிக்ஸ் இருக்கிறது. இந்தியாவின் முதல் நியூரோசர்ஜரி துறையை 1949-ல் ஜேக்கப் சாண்டி தொடங்கியதும் அதே சி.எம்.சி.யில்தான். காஞ்சியிலிருந்து ஒரு பஸ் தூரம். ஐ.ஐ.டி. ஜாம் நுழைவுத் தேர்வில் மேத்தமெட்டிக்கல் ஸ்டாடிஸ்டிக்ஸ் பேப்பர் தனியாகவே உண்டு. சிறுசேரியில் சென்னை கணிதவியல் கழகம். வேலை என்றால் அயப்பாக்கத்தில் ஐ.சி.எம்.ஆரின் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம், ஐ.ஐ.டி. மெட்ராஸ் ரிசர்ச் பார்க்கில் மருத்துவத் தொழில்நுட்ப மையமான ஹெச்.டி.ஐ.சி., பெங்களூரில் ஸ்கேனர் கம்பெனிகள். புராஜெக்ட் போஸ்ட் என்று ஏளனம் வேண்டாம். ஒரு வருட புராஜெக்ட்டில் ஒரு பேப்பரில் பெயர் வந்தால் பர்மனன்ட் வேலையில் மூன்று வருடம் தேய்வதைவிட மேல்.

உடனே காசு வேண்டுமா? பக்கத்திலேயே இருக்கிறது. ஏனாத்தூரிலிருந்து போரூர் வரை மெடிக்கல், டென்டல் காலேஜ்கள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொரு எம்.டி., எம்.டி.எஸ். மாணவருக்கும் தீசிஸ் கட்டாயம். ஆர்த்தோடான்டிக்ஸ்காரர்களுக்கு முகத்தையும் தாடையையும் எக்ஸ்ரேயில் அளப்பதே பிழைப்பு. சாம்பிள் சைஸ் கணக்கு, பிழைக் கணக்கு, அனாலிசிஸ்: இந்த மூன்றுக்கும் ரேட் வையுங்கள். தீசிஸையே எழுதிக் கொடுக்கும் வேலையை மட்டும் தொடாதீர்கள். பிடிபட்டால் மாணவர் ஒரு வருடம் இழப்பார், நீங்கள் ஊரையே இழப்பீர்கள். டேட்டா எடுத்து முடித்த பிறகு வருபவரிடம் இரண்டு மடங்கு கேளுங்கள். எடுப்பதற்கு முன்னால் வருபவருக்கு டிஸ்கவுன்ட் கொடுங்கள். அவருக்குச் செய்யும் வேலை பாதிதான், உங்கள் தூக்கமும் கெடாது.

பணம் பேசும் அதே நாளில் ஆதர்ஷிப்பையும் பேசிவிடுங்கள். அனாலிசிஸைத் திட்டமிட்டு, முடிவை எழுதுவதிலும் பங்கெடுத்தால் ஆசிரியர் பட்டியலில் பெயர். கணக்கு மட்டும் போட்டால் பணம், நன்றியுரையில் ஒரு வரி. எது என்று மெயிலில் எழுத்தாக இருக்கட்டும். ரிசல்ட் வந்த பிறகு கேட்டால் ‘பார்க்கலாம்பா’ என்றுதான் பதில் வரும்.

சர்ஜனுக்கு அனுப்பும் முதல் மெயில் ஆறு வரியைத் தாண்டக் கூடாது. அவர் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நின்றுகொண்டு செல்போனில் படிக்கிறார். இப்படி எழுதுங்கள்:

“மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு, காஞ்சிபுரத்தில் புள்ளியியல் படித்தவன். மண்டை வடிவ அளவுகளில் வேலை செய்கிறேன். உங்கள் ஆபரேஷனுக்கு முன், பின் அளவுகளில் உண்மையான மாற்றம் எவ்வளவு, அளப்பவர் பிழை எவ்வளவு என்று பிரித்துத் தர முடியும். கொரில்லா மண்டைகளில் செய்து காட்டிய ஒரு பக்க மாதிரியை இணைத்திருக்கிறேன். பெயர் நீக்கிய பத்து கேஸ்களின் அளவுகள் தந்தால் இரண்டு வாரத்தில் ரிப்போர்ட் தருவேன். முதல் ரிப்போர்ட்டுக்குக் கட்டணம் இல்லை.”

சப்ஜெக்ட் லைனில் ‘ரெக்வெஸ்ட்’, ‘ஆப்பர்ச்சூனிட்டி’ எதுவும் வேண்டாம். ‘சஜிட்டல் கேஸ்களில் அளவுப் பிழை: ஒரு பக்கம்’ என்று போடுங்கள். திங்கள் காலை அனுப்பாதீர்கள், ஓ.பி. நாள். பத்து நாளில் பதில் இல்லையென்றால் ஒரே ஒரு நினைவூட்டல். அதற்கும் பதில் இல்லையென்றால் அதே மெயிலில் பெயரை மாற்றி அடுத்த ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். அனுப்புவதற்கு முன் பழைய டாக்டரின் பெயர் எங்கேயாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று ஒருமுறை தேடிப் பாருங்கள்.